பேரிக்காய் கனிந்தால் சர்க்கரை ஏறுமா?

கேள்வி: கொடைக்கானல் போனபோது இரண்டு கிலோ பேரிக்காய் வாங்கி வந்தோம். கல் மாதிரி இருந்ததால் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். நாலு நாளில் குழைந்து நல்ல இனிப்பாகிவிட்டது. மாமியாருக்கு வயது 62, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். காயாக இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டுமோ? நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, கெடுதலா? சாப்பிட்ட அன்று அவருக்கு வயிறும் உப்பிக்கொண்டது.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பழுத்தாலும் அதை நாம் பேரிக்காய் என்றுதான் சொல்கிறோம், பாருங்கள்! மரத்திலேயே பழுக்க விட்டால் நடுப்பகுதி முதலில் கனிந்து குழைந்துவிடும். அதனால் முற்றிய காயாகவே பறிப்பார்கள். காய் தானே, அதைப் பழுக்க வைக்கும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். உங்கள் அரிசிப் பானை அதை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்தது, அவ்வளவுதான்.

குழைவதற்கும் சர்க்கரைக்கும் நேரடித் தொடர்பு குறைவு. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைவதால்தான் காய் மெத்தென்று ஆகிறது. மாவுச்சத்து சர்க்கரையாவதும் உண்டு. ஆனால் வாழைக்காயில் இருக்கும் அளவு மாவு பேரிக்காயில் கிடையாது, ஆகவே ஏற்றமும் வாழைப்பழத்தைப் போலப் பெரிதாக இருக்காது. சாறு ஊறுவதால் நாக்குக்குத்தான் இனிப்பு கூடுதலாகத் தெரிகிறது. நடுத்தரப் பழம் ஒன்றில் சுமார் 17 கிராம் சர்க்கரையும் 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கும். எனவே காயா பழமா என்பதைவிட எத்தனை என்பதே முக்கியம். பாதிப் பழம், தோலோடு, சாப்பாட்டோடு சேர்க்காமல் மாலையில் கொடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டால் உங்களுக்கே தெளிவாகிவிடும். ஜூஸ் வேண்டாம்.

பழுப்பு நிறத்துக்குப் பயப்படாதீர்கள். வாழைக்காயையும் கத்தரிக்காயையும் நறுக்கியதும் தண்ணீரில் போடுகிறோமே, அதே சங்கதிதான். வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு என்சைம் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாறு தடவினால் நிறம் மாறத் தாமதமாகும். ஆனால் பூஞ்சை பிடித்த பழம் வேறு. அதில் பட்டுலின் என்ற நச்சு இருக்கலாம். அழுகிய இடத்தை மட்டும் செதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் சிக்கனம் வேண்டாம்.

வயிறு உப்பியது, பழத்தில் இயற்கையாக உள்ள சார்பிட்டால் என்ற ஒருவகை இனிப்புப் பொருளால் இருக்கலாம். பேரிக்காயில் இது ஆப்பிளைவிட அதிகம். சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் வாயுவாகும். அன்று எத்தனை சாப்பிட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. ரெண்டு மூன்று என்றால் யாருக்கும் உப்பத்தான் செய்யும். பேரிக்காய் தொடாத நாளிலும் உப்பினால் மெட்ஃபார்மினாகவும் இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள்.