வேர்ட்பிரஸ் தீம் திருத்தம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தீமின் கோப்புகளில் மெனுவையும் அடிப்பகுதியையும் மாற்றியிருந்தேன். அப்டேட் செய்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

அப்டேட்டின்போது வேர்ட்பிரஸ், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புத் தொகுப்பான தீமின் பழைய கோப்புறையை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கிறது. ஆகவே அதற்குள் நீங்கள் எழுதியவை எதுவும் மிஞ்சாது. மூலத் தீமின் கோப்புகளில் கைவைக்காதீர்கள். மூலத் தீமைச் சார்ந்து இயங்கி, உங்கள் மாற்றங்களை மட்டும் தனியே வைத்திருக்கும் சைல்டு தீம் ஒன்றை உருவாக்குங்கள். தனிக் கோப்புறையில், தோற்ற விதிகளுக்கான ஸ்டைல்.சிஎஸ்எஸ் (style.css) என்ற கோப்பை வைத்து, அதன் தலைப்பகுதியில் தீமின் பெயரையும், டெம்ப்ளேட் என்ற வரியில் மூலத் தீமின் கோப்புறைப் பெயரையும் எழுத வேண்டும். பலர் சறுக்குவது இரண்டாவது வரியில்தான். திரையில் தெரியும் பெயரை அங்கே எழுதினால், மூலத் தீம் இல்லை என்ற பிழைதான் வரும்.

அதன்பின், மாற்ற விரும்பும் டெம்ப்ளேட்டை (பக்கத்தின் அமைப்பைத் தரும் கோப்பை) மட்டும் நகலெடுத்து அதே பெயரில் சைல்டு தீமில் வைத்தால் அதுவே முந்தும். தீமின் நிரல் வரிகளைக் கொண்ட ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி (functions.php) மட்டும் இதற்கு விலக்கு. சைல்டு தீமில் உள்ளது முதலிலும் மூலத் தீமில் உள்ளது பிறகுமாக இரண்டுமே இயங்குவதால், அதை முழுவதுமாக நகலெடுத்து வைத்தால் ஒரே ஃபங்ஷன் இருமுறை அறிவிக்கப்பட்டுத் தளமே முடங்கக்கூடும். உங்களுக்கு வேண்டிய புதிய வரிகளை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸிலேயே தோற்ற விதிகளை எழுதும் கூடுதல் சிஎஸ்எஸ் பகுதியில் இணைப்புகளின் நிறத்தை மாற்றினேன், மெனுவில் மட்டும் மாறவில்லை. எல்லா வரிகளிலும், மற்ற விதிகளை மீறச் செய்யும் இம்பார்ட்டன்ட் (!important) சேர்க்கலாமா?

வேண்டாம். நீங்கள் இணைப்புக் குறியை மட்டும் குறிவைத்திருப்பீர்கள். தீமோ மெனுவின் கிளாஸ் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கும். கூடுதல் துல்லியத்தோடு எழுதப்பட்ட விதியே வெல்லும். பிரவுசரில் அந்த இணைப்பை வலச்சொடுக்கி இன்ஸ்பெக்ட் திறந்தால், உங்கள் வரி குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டும் தீமின் வரி மேலேயும் இருப்பதைக் காணலாம். தீமின் வரியில் உள்ள செலக்டரை (விதி எந்தப் பகுதிக்கு என்று குறிக்கும் பெயரை) அப்படியே எடுத்து உங்கள் நிறத்தை எழுதுங்கள்.

கேள்வி: தீம் கோப்பில் எழுதிய நிறங்கள் அப்டேட்டில் போய்விட்டன. மீட்க முடியுமா?

பேக்கப் இருந்தால் மீட்கலாம். காரணமும் தீர்வும் முதல் பதிலில் உள்ளன.

கேள்வி: தளத்தின் பகுதிகளைத் திரையிலேயே திருத்தும் சைட் எடிட்டர் வந்த பிறகும் சைல்டு தீம் செய்யச் சொல்வது பழைய பழக்கம்தானே? நான் எடிட்டரில் செய்த எதுவும் அப்டேட்டில் அழியவில்லை.

நீங்கள் கண்டது உண்மை. 2022 ஜனவரியில் வெளியான 5.9 பதிப்பிலிருந்து, பிளாக்குகளால் கட்டப்படும் பிளாக் தீம்களில் டெம்ப்ளேட்டுகளை எடிட்டரிலேயே திருத்த முடிகிறது. அந்தத் திருத்தங்கள் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் அப்டேட் அவற்றைத் தொடுவதில்லை. ஆனால் தரவுத்தளத்தில் உள்ள வடிவம் கோப்பை எப்போதும் மறைத்துவிடும். தீமை உருவாக்கியவர் அதே டெம்ப்ளேட்டில் ஒரு பிழையைச் சரிசெய்து வெளியிட்டாலும், எடிட்டரில் அதை ரீசெட் செய்யும்வரை அந்தத் திருத்தம் உங்கள் தளத்தில் தெரியாது.

கேள்வி: அதனால் என்ன? ஒரே தளம் வைத்திருப்பவருக்கு எடிட்டரே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?

தோற்றம் மட்டும் போதுமானால் ஒப்புக்கொள்கிறேன். பிஎச்பி வரிகள் தேவைப்பட்டாலோ, ஒரே வடிவத்தைப் பல தளங்களுக்குக் கொண்டுசெல்ல நினைத்தாலோ, எந்த மாற்றத்தை எப்போது செய்தோம் என்ற வரலாறு வேண்டுமானாலோ, கோப்புகள்தான் கைகொடுக்கும். கிரியேட் பிளாக் தீம் என்ற பிளகின், எடிட்டரில் செய்தவற்றைத் தீமின் கோப்புகளுக்கே மாற்றித் தருகிறது. எடிட்டரில் வடிவமைத்து, முடிவானதும் அதன்வழி சைல்டு தீமாக எடுத்துக்கொள்வதே நான் விரும்பும் வழி.

கேள்வி: தமிழ்த் தலைப்புகள் தடித்து, எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுத் தெரிகின்றன. தீமின் குறையா?

பெரும்பாலும் எழுத்துருவால் வருவது. தலைப்புக்குத் தீம் தடித்த வடிவம் கேட்கிறது. எழுத்துருவில் அது இல்லையென்றால் பிரவுசர் தானாகவே கோடுகளைத் தடிக்க வைக்கிறது. ணை, இ போன்றவற்றின் சுழிகள் அப்போதுதான் அடைபடுகின்றன. மீரா இனிமை என்ற எழுத்துரு ஒரே தடிமனில் மட்டும் கிடைக்கிறது; முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் தடித்த வடிவமும் உண்டு. வரி இடைவெளியையும் கவனியுங்கள். ஆங்கிலத்துக்காக இறுக்கமாக வைக்கப்பட்ட தலைப்பில் மேல்வரியில் கீழே இறங்கும் உகரக் குறிகளும் கீழ்வரியில் மேலே எழும் இகரக் குறிகளும் உரசிக்கொள்ளும். உரைக்கு 1.7 அளவில் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: தளம் மிக மெதுவாகத் திறக்கிறது, எந்த ஹோஸ்டிங் நல்லது?

ஹோஸ்டிங் என் துறையன்று. அதை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தீமின் ஸ்டைல் கோப்பில் ஒரே ஒரு வரியைத்தான் மாற்றப்போகிறேன். அதற்கும் சைல்டு தீம் வேண்டுமா?

ஒரு வரியானாலும் அப்டேட்டில் போகும். அதைக் கூடுதல் சிஎஸ்எஸ் பகுதியில் எழுதுங்கள். அங்கே எழுதுவது அந்தத் தீமோடு மட்டுமே இணைந்திருப்பதால், வேறு தீமுக்கு மாறும் முன் தனியே நகலெடுத்து வையுங்கள்.