மாறுவேடத்தில் நாயகி: வாசகர் நம்புவாரா?

கேள்வி: மர்ம நாவல் ஒன்று எழுதி வருகிறேன். நாயகி ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள், துப்பறிவாளர் அல்ல. முதியோர் இல்லத்தில் இருந்த அவளுடைய பெரியம்மாவின் சாவில் சந்தேகம் எழ, வேறு பெயரில் அங்கேயே பணிப்பெண்ணாகச் சேர்கிறாள். கைப்பிரதியைப் படித்த நண்பர்கள், 'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்கிறார்கள். வேடத்தை இன்னும் பலப்படுத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம், குறையுங்கள். விக், ஒட்டு மச்சம், போலி அடையாள அட்டை என்று சேர்க்கச் சேர்க்க, எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடத்தான் வாசகருக்குத் தோன்றும்.

1887-இல் நெல்லி பிளை என்ற பத்திரிகையாளர், நியூயார்க்கின் பிளாக்வெல் தீவில் இருந்த பெண்கள் மனநலக் காப்பகத்துக்குள் நோயாளியாக நுழைந்தார். அதற்காக அவர் வைத்துக்கொண்ட பெயர் நெல்லி பிரவுன். தன் துணிகளில் இருந்த முதலெழுத்துகளோடு ஒத்துப்போகட்டும் என்றுதான் அந்தப் பெயர். உள்ளே போனதும் நடிப்பதையே விட்டுவிட்டார். அப்போதும் அவரைத் தெளிவானவர் என்று யாரும் ஏற்கவில்லை. 10 நாள் கழித்துப் பத்திரிகை தரப்பு வழக்கறிஞர் வந்துதான் மீட்டார். நோயாளி என்று ஒருமுறை எழுதியாகிவிட்டால் அப்புறம் ஆளை யாரும் பார்ப்பதில்லை. பணிப்பெண்ணின் சீருடைக்கும் அந்தச் சக்தி உண்டு.

அதனால் மேலாளர் கண்டுபிடிப்பாரோ என்று நீங்கள் பக்கம் பக்கமாகப் பதறுவது வீண். கூட வேலை செய்பவள்தான் கண்டுபிடிப்பாள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு விரிப்பு மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பழகியவள் அவரை ஒருபக்கமாகத் திருப்பி, பழைய விரிப்பை முதுகுவரை நீளவாக்கில் சுருட்டுவாள். காலியான பாதியில் புதியதை விரித்து, மீதியைச் சுருட்டிப் பழையதன் பக்கத்திலேயே வைப்பாள். பிறகு மறுபக்கம் திருப்பி, பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துவிடுவாள். உங்கள் நாயகி எடுத்த எடுப்பில் அடியிலிருந்து பிடித்து இழுக்கிறாள். எதிரே நிற்கும் மூத்த பணிப்பெண், 'இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தே?' என்கிறாள். கத்தி, துப்பாக்கி எதுவும் இல்லாமலே அந்தப் பக்கம் சூடேறிவிடும்.

துப்பும் அவளுடைய தொழிலிலிருந்தே வரட்டும். இப்போது கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறாள், சலிப்பாக இருக்கிறது. மருந்துப் பதிவேட்டில் மூன்று இரவுகள், மூன்று செவிலியர் பெயர்கள், ஆனால் மூன்றிலும் மருந்தின் பெயர் ஒரே மாதிரி எழுத்துப்பிழையோடு இருந்தால்? மெய்ப்புப் பார்ப்பவள் கண்ணில் அது முள்ளாகத் தைக்கும்.

போலீஸிடம் ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு பத்தி போதும். இயற்கை மரணம் என்று கோப்பை மூடிவிட்டார்கள், அவளிடம் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

உண்மையான ஓட்டை நண்பர்கள் காட்டிய இடத்தில் இல்லை. பெரியம்மாவைப் பார்க்க இவள் ஒருமுறைகூட அங்கே போனதில்லையா? போயிருந்தால் வாசல் காவலாளிக்கே முகம் தெரிந்திருக்கும், கதை முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடும். ஆகவே போகவில்லை. ஏன் போகவில்லை? சொத்துத் தகராறோ, சோம்பலோ, வருத்தமோ, அதை முடிவுசெய்யுங்கள். யாருக்கும் இவளைத் தெரியாது என்பதற்கும், இத்தனை ஆபத்தில் இவளே ஏன் இறங்க வேண்டும் என்பதற்கும் பதில் அந்த ஒரே இடத்தில் இருக்கிறது.

வேடம் எப்போது கலையலாம்? கடைசி அத்தியாயம்வரை இழுக்காதீர்கள். பாதியிலேயே ஒருத்திக்குத் தெரிந்துவிடட்டும். அந்த மூத்த பணிப்பெண்ணே பொருத்தம். அவள் காட்டிக்கொடுக்கவும் மாட்டாள், உதவவும் மாட்டாள். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வழியில்லை, நாயகிக்கோ திரும்பிப் போகப் பதிப்பகம் இருக்கிறது. இதை அவள் வாயாலேயே ஒருமுறை சொல்லவையுங்கள். அதற்குப் பிறகு நாயகி கேட்கும் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு விலை இருக்கும்.