போத்கயாவில் அம்மாவுக்கு முட்டி தாங்குமா?

கேள்வி: 68 வயது அம்மாவை டிசம்பரில் போத்கயா மகாபோதி கோயிலுக்கு அழைத்துப்போகிறேன். அவருக்கு முட்டிவலி. என்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, வியாசர்பாடி)

பதில்: கயா ஸ்டேஷனிலிருந்து கோயில் சுமார் 16 கி.மீ. ஆட்டோவில் வாடகை பேசிவிட்டே ஏறுங்கள். அது நம்ம ஊர்ப் பாடம்தான்.

முட்டிக்குச் சோதனை கோபுரம் அல்ல, படிக்கட்டு. சுற்றுப்புறத்தைவிட கோயில் தரை சுமார் 5 மீட்டர் பள்ளம். இறங்கும்போதும் ஏறும்போதும் முட்டி வலிக்கலாம். ஆகவே ஒரே முறை இறங்கி, எல்லாம் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

செருப்பை வெளியே விட வேண்டும். டிசம்பர் காலையில் கல்தரை ஜில்லென்றிருக்கும். கனமான சாக்ஸ் அவசியம். உள்ளே செல்போனுக்கு அனுமதியில்லை. அறையிலேயே வைத்துவிட்டால், போனை ஒப்படைக்கும் கவுன்ட்டரில் வரிசையில் நிற்பது மிச்சம்.

கோயில் கிழக்குப் பார்த்தது. வலம் வந்தால் முதலில் தெற்குப் பக்கம், அடுத்து பின்புறம் மேற்கே போதிமரமும், புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் வஜ்ராசனம் என்ற கல்பீடமும், பிறகு வடக்கே கல்தாமரைகள் வரிசையாக நிற்கும் நடைபாதை. மரத்தடியில் அம்மா உட்காரட்டும். அரசிலை தானாக உதிர்ந்தால் எடுக்கலாம், பறிக்கக் கூடாது. மரம் 1880களில் நட்ட கன்றின் வளர்ச்சி. கிளைகளுக்கு இரும்பு முட்டுக்கொடுத்திருப்பார்கள்.