அம்மாவோடு மோட்டார்ஹோமில் நியூசிலாந்து போகலாமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர். அம்மாவுக்கு 65 வயது, மகனுக்கு 6. நியூசிலாந்தின் தெற்குத் தீவை 10 நாளில் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்துச் சுற்ற நினைக்கிறோம். கிறைஸ்ட்சர்ச், டெகாபோ, குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்ட், ஐந்தாம் நாள் வனாகா, பிறகு பனிப்பாறைகள், நெல்சன், மறுபடி கிறைஸ்ட்சர்ச் என்பது திட்டம். இது சரிவருமா, கார் எடுத்து ஹோட்டலில் தங்குவது மேலா?

மோட்டார்ஹோம் எடுங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு எடுக்காதீர்கள்.

2024 மார்ச் கடைசியில் நான், மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா என்று நாங்களும் நான்கு பேராகத்தான் போனோம். உங்களைப் போலவே வரைபடத்தை விரித்து வைத்து, 12 நாளில் 2,500 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டிருந்தேன். கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் என் அத்தை மகனுக்கு அதை அனுப்பினேன். உடனே போன் பண்ணினான். "மாப்ள, நீ எடுக்கப் போறது காரு இல்ல, வீடு. வீட்டத் தினம் எரநூறு கிலோமீட்டருக்கு மேல இழுத்துக்கிட்டுப் போகாத. சமைக்கணும், தண்ணி பிடிக்கணும், கக்கூஸ் டப்பா கொட்டணும். அதுக்கெல்லாம் நேரம் எங்கருந்து வரும்?" அவன் பேச்சைக் கேட்டு வடக்குத் தீவை அடியோடு விட்டோம். மில்ஃபோர்டையும் விட்டோம். மொத்தம் 1,400 கிலோமீட்டருக்குள் முடித்தோம். அந்தப் பயணத்தில் நான் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான் என்றாலும் ஒப்புக்கொள்வேன்.

செலவு மிச்சமாகும் என்று நினைத்து எடுப்பதாக இருந்தால் வேண்டாம். வாடகை, டீசல், முகாம் (ராத்திரி வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) கட்டணம், காப்பீடு எல்லாம் கூட்டிப் பார்த்தால் எங்களுக்கு கார், மோட்டல் செலவுக்குச் சமமாகத்தான் வந்தது. அங்கே டீசல் பங்கில் மலிவாகத் தெரியும். காரணம், பெட்ரோல் மாதிரி அதன் விலைக்குள் சாலை வரி இல்லை. டீசல் வண்டிக்கு ஓடிய தூரத்தைக் கணக்குப் பார்த்துத் தனியாகச் சாலை வரி உண்டு. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது 100 கிலோமீட்டருக்குச் சுமார் 8 டாலர் (இங்கே டாலர் என்று சொல்வதெல்லாம் நியூசிலாந்து டாலர்) அந்த வகையில் பிடித்தார்கள். முன்பதிவு செய்யும்போது திரையில் வரும் தொகையில் பல சமயம் இது சேர்ந்திருக்காது. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் அங்கே பள்ளி விடுமுறை, கோடை உச்சம். எங்களுக்கு ஏப்ரலுக்குக் கொடுத்த விலையும் ஜனவரிக்குச் சொன்ன விலையும் மலையும் மடுவும் போல இருந்தன.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேர் படுக்கலாம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு பேர் வண்டி என்றால் ஒரு படுக்கை பெரும்பாலும் ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும், ஏணியில் ஏறவேண்டும். இன்னொன்றை, சாப்பிடும் மேசையைத் தினமும் இறக்கி மெத்தை விரித்து உருவாக்கவேண்டும். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கும் அம்மாவுக்கு இரண்டுமே ஆகாது. அதனால் ஆறு பேர் வண்டியாக எடுத்தோம். பின்பக்கப் படுக்கையை முதல் நாள் விரித்ததோடு சரி, கடைசி நாள் வரை மடிக்கவே இல்லை. அம்மா படுக்கையிலிருந்து நான்கு அடி வைத்தால் கழிவறை. உங்கள் மகனுக்கு ஆறு வயது என்பதால் இன்னொன்றும் உண்டு. நியூசிலாந்தில் ஏழு வயது நிறையும் வரை குழந்தை இருக்கை கட்டாயம். மோட்டார்ஹோமில் எல்லா இருக்கையிலும் அதைப் பொருத்த முடியாது. எந்த இருக்கையில் பொருத்தலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

ஓட்டுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நம்மூர் போலவே இடதுபுறம்தான். ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்குங்கள். உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். இருந்தாலும் ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டேன். பழக வேண்டியது ஒருவழிப் பாலங்கள்தான். மேற்குக் கரையில் நெடுஞ்சாலையிலேயே ஒரே ஒரு வண்டி போகிற அகலத்தில் பாலங்கள் வரும். பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நின்று எதிர் வண்டிக்கு வழிவிடவேண்டும். ஹாஸ்ட் ஆற்றின் மேல் இருப்பது 737 மீட்டர் நீளம், அந்த நாட்டிலேயே நீளமான ஒருவழிப் பாலம். ஒதுங்கி நிற்கப் பாலத்தின் நடுவிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். மற்றபடி, பின்னால் இரண்டு மூன்று வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் லேசாக ஹார்ன் அடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

காற்றுக்குத்தான் நிஜமாகவே பயப்படவேண்டும். டெகாபோ, புகாகி ஏரிப் பக்கம் திடீரென்று அடிக்கும். பக்கவாட்டுக் கதவைத் திறக்கும்போது ஒரு கை கதவிலேயே இருக்கட்டும். கதவு பிய்ந்தால் பல ஒப்பந்தங்களில் காப்பீடு தராது.

காப்பீட்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். காப்பீடு கூடுதலாக எடுக்காவிட்டால் 7,500 டாலர் கார்டில் முடக்கி வைப்பார்கள் என்றதால் முழுக் காப்பீடு எடுத்தேன். "முழு" என்று பெயரே தவிர, கூரை, அடிப்பாகம், தவறான எரிபொருள், தவறான தொட்டியில் ஊற்றிய தண்ணீர் எதற்கும் அதில் இடமில்லை. வண்டியை எடுத்த அன்று நான்கு பக்கமும் வீடியோ எடுத்தேன், கூரையை எடுக்கவில்லை. திருப்பிக் கொடுத்தபோது அந்த ஊழியர் ஏணி போட்டு ஏறி, பின்பக்கக் கூரை விளிம்பில் ஒரு கீறலைக் காட்டினார். 480 டாலர் கட்டினேன். அது எங்கள் கையில் விழுந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. நீங்கள் அவர்களிடமே ஏணி கேட்டு வாங்கிக் கூரையையும், குனிந்து அடிப்பாகத்தையும் படம் எடுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் கூச்சப்படாதீர்கள்.

யாரும் எழுதாத விஷயம் கழிவறை. அம்மாவுக்கு அதுதான் முதல் கவலையாக இருந்தது, உங்கள் அம்மாவுக்கும் இருக்கும். கழிவறைக்கு அடியில் கேசட் என்று ஒரு பெட்டி இருக்கும், கிட்டத்தட்ட 20 லிட்டர் பிடிக்கும். நான்கு பேர் உபயோகித்தால் இரண்டு நாளில் நிறைந்துவிடும். வண்டிக்கு வெளியே ஒரு சின்னக் கதவைத் திறந்து, சூட்கேஸ் மாதிரி இழுத்து, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு கழிவு கொட்டும் நிலையத்துக்குப் போகவேண்டும். வாய்க்குழாயை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றி, சாய்க்கும்போது பின்னால் இருக்கும் காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஊற்றுங்கள். அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று வந்து காலில் தெறிக்கும். பிறகு இரண்டு தரம் அலசி, ஒரு மூடி மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது. கையுறை போட்டுக்கொண்டு செய்தால் ஐந்து நிமிடம். அங்கே இரண்டு குழாய் இருக்கும், கேசட் அலசும் குழாயில் குடிதண்ணீர் பிடித்துவிடாதீர்கள். சிறிய ஊர்களில்கூட இந்த நிலையங்கள் உண்டு, கேம்பர்மேட் செயலியில் காட்டும்.

இதற்கும் எங்கே தங்கலாம் என்பதற்கும் தொடர்பு உண்டு. கண்ட இடத்தில் நிறுத்திப் படுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது பழைய கதை. 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். உள்ளேயே நிரந்தரமாகப் பொருத்திய கழிவறை இருந்தால்தான் 'தன்னிறைவு வண்டி' என்று புதிய பச்சைச் சான்று கிடைக்கும். அது இருந்தாலும் ஒவ்வொரு ஊராட்சியும் எங்கே அனுமதி, எங்கே இல்லை என்று தனித்தனி விதி வைத்திருக்கிறது. பலகையைப் படிக்காமல் நிறுத்தினால் அபராதம். அம்மாவும் குழந்தையும் இருப்பதால் மூன்று ராத்திரிக்கு ஒரு ராத்திரியாவது மின் இணைப்புள்ள முகாமில் தங்குங்கள். சுடுதண்ணீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், பொதுச் சமையலறை எல்லாம் இருக்கும்.

சமையல் என்றதும் மனைவி இதைச் சொல்லச் சொன்னாள். ரைஸ் குக்கர் எடுத்துப் போங்கள், அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். ஆனால் முகாமில் ஒயர் சொருகியிருந்தால்தான் வண்டியின் பிளக் வேலை செய்யும். மற்ற நாளில் கேஸ் அடுப்புதான். முதல் நாள் ஜெரால்டின் என்ற ஊரில் அம்மா ரசத்துக்குத் தாளித்தார், கடுகு வெடித்த அடுத்த நொடி புகை எச்சரிக்கை அலறத் தொடங்கிவிட்டது. கூரை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தாளியுங்கள். கிளம்பும் முன் மறக்காமல் மூடுங்கள். அலமாரிக் கொக்கி எல்லாம் 'டக்' என்று விழுந்ததா, கேஸ் மூடியாச்சா, மின் ஒயரைப் பிடுங்கியாச்சா என்று பார்க்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்தோம். அவள் எழுதி வைத்த பட்டியல் எங்களை இரண்டு தடவை காப்பாற்றியது.

சாமான் கொண்டு போவதில் ஒரு எச்சரிக்கை. கறிவேப்பிலை, பழம் எதுவும் வேண்டவே வேண்டாம். பொடி, பருப்பு, ஊறுகாய் எதுவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். சொல்லாமல் விட்டு அகப்பட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர். சொன்னால் பிரித்துப் பார்ப்பார்கள், ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு வேலைக்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். மவுன்ட் குக் அடிவாரத்தில் வொயிட் ஹார்ஸ் ஹில் என்று அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம் இருக்கிறது. மின்சாரம் கிடையாது. சுற்றிலும் மலை, ஹூக்கர் பள்ளத்தாக்குக்கு நடந்துபோகும் பாதை அங்கேயே தொடங்குகிறது. ராத்திரி பதினொன்று இருக்கும், அம்மா என்னை எழுப்பினார். "தம்பி, இடி இடிக்குதுப்பா, மழை வரும் போல, செருப்ப உள்ள எடுத்து வை." கதவைத் திறந்தால் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு மேகம் இல்லை. அந்த வட்டாரமே 2012இலிருந்து இருள் வானக் காப்பகம், வெளிச்சம் போடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. மறுபடி அதே சத்தம். எதிரே இருந்த செஃப்டன் மலையிலிருந்து பனிக்கட்டி உடைந்து சரிகிற சத்தம் அது. அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மனைவி சுக்குக் காப்பி போட்டாள். ஒரு மணி வரை அப்படியே உட்கார்ந்து, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தோம். வண்டியை விட்டு நாலடி தள்ளிப் போகாமல், தன் படுக்கை, தன் போர்வையோடு அம்மா அதைக் கேட்டார். ஹோட்டல் அறையாக இருந்தால் அவரை அந்தக் குளிரில் வெளியே கூட்டிப் போயிருக்கவே மாட்டேன்.

தேதியையும் ஒரு தடவை சரிபாருங்கள். நாங்கள் போனது ஈஸ்டர் வாரம் என்பதைக் கவனிக்கவில்லை. வனாகாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஈஸ்டரில் பழைய போர் விமானங்களின் சாகசக் காட்சி நடக்குமாம், அந்த வருடம் நடந்தது. ஊரில் ஒரு முகாமில்கூட இடமில்லை. 55 கிலோமீட்டர் தள்ளி க்ராம்வெல்லில் தங்கி, கூட்டம் கலைந்த பிறகு வனாகா போனோம்.

இப்போது உங்கள் திட்டம். நெல்சனை எடுத்துவிடுங்கள். மில்ஃபோர்ட் கட்டாயம் வேண்டுமென்றால் டி ஆனா என்ற ஊரில் மோட்டார்ஹோமை நிறுத்திவிட்டு, படகுப் பயணமும் சேர்ந்த பேருந்தில் போய் வாருங்கள். ஒரு பக்கம் 120 கிலோமீட்டர், நடுவே 1.2 கிலோமீட்டருக்கு ஹோமர் சுரங்கம், செங்குத்தான வளைவுகள். ஓட்டுகிறவர் கண்ணுக்கு ரோட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. மில்ஃபோர்ட் போனால் பனிப்பாறைகள் கிடையாது, பனிப்பாறைகள் வேண்டுமென்றால் மில்ஃபோர்ட் கிடையாது. 10 நாளில் இரண்டில் ஒன்றுதான். நானாக இருந்தால் பனிப்பாறைப் பக்கம் போய், ஹொகிடிகா, ஆர்தர்ஸ் பாஸ் வழியாகத் திரும்புவேன். மேற்குக் கரையில் மணல் ஈக்கள் கடிக்கும், மருந்தை ஹாஸ்ட் போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். விமானத்தை விட்டு இறங்கிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள், ஒரு ராத்திரி கிறைஸ்ட்சர்ச்சில் தூங்குங்கள். டெகாபோவில் இரண்டு ராத்திரி, மவுன்ட் குக்கில் இரண்டு ராத்திரி. ஐந்தாம் நாள் வனாகா என்று எழுதியிருக்கிறீர்கள், அதை ஆறாம் நாளுக்குத் தள்ளுங்கள்.