சாக்ஸபோன்–பியானோ இணையில் நாட்டுப்புற மணமுள்ள மேற்கத்திய செவ்வியல் இசை கேட்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

போல் மோரிஸ் எழுதிய 'தாப்லோ தெ புரொவான்ஸ்' கேளுங்கள். 'புரொவான்ஸ் காட்சிகள்' என்று பொருள்; புரொவான்ஸ், பிரான்சின் தென்கிழக்குப் பகுதி. கேட்கும்போது சாக்ஸபோன் பின்னாலேயே போய்விடாமல் பியானோவையும் கவனியுங்கள். அந்த ஊரின் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

நான் பியானோ வாசிப்பவன். கத்ரி கோபால்நாத் கச்சேரி கேட்டு ஆசைப்பட்டு ஆல்ட்டோ சாக்ஸபோன் வாங்கிய நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. அவனுடைய ஆசிரியர் இதன் இரண்டாம் பகுதியைக் கொடுத்தார், அவன் துணைக்கு என்னைக் கூப்பிட்டான். ஆல்ட்டோ, இ-ஃப்ளாட் கருவி. அவன் தாளில் 'சி' என்று எழுதியிருப்பதை ஊதினால் என் பியானோவின் இ-ஃப்ளாட் ஒலிக்கும். இது பிடிபடவே எங்களுக்கு ஒரு மாலை போயிற்று.

மோரிஸ் பிரெஞ்சுக்காரர். 1948க்கும் 1955க்கும் இடையில் எழுதி, பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் சாக்ஸபோன் கற்பித்த மார்செல் மூலுக்குக் காணிக்கையாக்கினார். ஐந்து பகுதிகள். தலைப்புகள் பிரெஞ்சில் இல்லை, அந்த மண்ணின் புரொவான்சால் மொழியில் இருக்கின்றன. முதல் பகுதி இளம்பெண்களின் ஃபரந்தோல். ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலியாகத் தெருத்தெருவாக வளைந்து ஆடும் ஆட்டம் அது. ஊரில் அதற்கு வாசிப்பவர் ஒரே ஆள்: இடது கையில் மூன்று துளைக் குழல் கலுபே, அதே தோளிலிருந்து தொங்கும் நீண்ட மேளத்தை வலது கைக் குச்சியால் தட்டுவார். அந்த ஒருவரின் வேலையைத்தான் இங்கே இருவர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நாங்கள் வாசித்த இரண்டாம் பகுதி, காதலிக்கான பாட்டு. பியானோ கிட்டாராக மாற வேண்டும். நரம்பை மீட்டுவதுபோல ஒவ்வொரு சுரத்தையும் தொட்டவுடன் விட வேண்டும், மிதி கட்டையில் கால் வைத்தால் எல்லாம் குழைந்துவிடும். நான் பல நாள் அழுத்தி வாசித்தேன், அவன் ஊதுவது நடுநடுவே காணாமல் போனது. கையை லேசாக்கிய அன்றுதான் அவனுடைய மூச்சின் நீளம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு அவன் எங்கே மூச்சு வாங்குவான் என்று பார்த்துத்தான் வாசித்தேன்.

மூன்றாவது நாடோடிப் பெண்ணைப் பற்றியது, கடைசி பறக்கும் பூச்சியின் ரீங்காரம். கைத்திறமைக்கு அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். என் மனம் நான்காவதில். புரொவான்ஸின் ஆர்ல் நகரில் அலிஸ்கான் என்று ரோமானியர் காலத்துக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு ஆத்மா விடும் பெருமூச்சு. சாக்ஸபோன் என்றால் பளபளப்பு என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை கேட்க வேண்டும். ஐந்தும் சேர்ந்து கால் மணி நேரம்தான்.

இது பிடித்தால் அடுத்து ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள். 1915ல் பியானோவுக்கு மட்டும் எழுதியது, இன்று சாக்ஸபோன்காரர்களும் தழுவி வாசிக்கிறார்கள். ஃபோனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பதிந்தவர் பார்டோக். இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியப் பகுதியின் பிடில்காரர்களும் குழல்காரர்களும் வாசித்த மெட்டுகள் இவை. மூன்றாவது நடனத்தைத் தவறவிடாதீர்கள். பியானோவில் இடது கை தம்புரா மாதிரி சுருதியை விடாமல் பிடித்திருக்கும். மேலே மெட்டு சாதாரண காந்தாரத்திலிருந்து நேராகப் பிரதி மத்தியமத்துக்குத் தாவும். முதல்முறை கேட்டபோது எனக்குச் சண்முகப்பிரியா நினைவுக்கு வந்தது.