ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் காரின் பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) பொருந்துமா? மாற்றினால் பலன் உண்டா?

பொருந்தும். பலனும் உண்டு. ஆனால் அந்த ஒரு சாமானை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு வண்டி சரியாகிவிடும் என்று நினைத்தால், நான் பட்டதை நீங்களும் படுவீர்கள்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன ஹெரால்டு வீட்டில் நிற்கிறது. இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிட்டீர்கள், பெயிண்டும் அடித்தாயிற்று. முதல்முறை கொஞ்சம் தெம்பாக ஒரு வளைவில் திருப்பியபோது பின்பக்கம் என்னவோ செய்தது. அன்றிரவு தூக்கம் வராமல் யூடியூபில் தேடி இங்கே வந்திருக்கிறீர்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். ஹெரால்டு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்த வழியாக வந்தவர்கள்தான்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், உதிரிபாகத்துக்குக் கோயமுத்தூர். எங்கள் வண்டி 1968 மாடல், 948 சிசி, மெட்ராஸில் செய்தது. அப்பா 1979இல் பொள்ளாச்சியில் பழசாக வாங்கினார்.

ஹெரால்டின் பின்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். லாரியிலும் அம்பாசடரிலும் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டைக் கட்டு இருக்கும், நடுவில் ஒரே ஆக்சில். ஹெரால்டில் ஒரே ஒரு பட்டைக் கட்டு, அதுவும் குறுக்குவாட்டில், டிஃப்ரன்ஷியல் (இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தலைமேல் வில் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் இரண்டு நுனியும் இரண்டு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக்சில் தண்டுக்கு உள்பக்கம் மட்டும்தான் கிராஸ், அதாவது மடங்குகிற மூட்டு. சக்கரத்துப் பக்கம் மூட்டு கிடையாது. தோள்பட்டை மட்டும் அசைந்து மணிக்கட்டு மடங்காத கையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பினால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடியும். வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னால் போகும், பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் மடிந்து அதன்மேலேயே வண்டி ஏறி நிற்கும். பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலிலும் சக்கரம் மடிகிற விதம் இதேதான். மெட்ராஸ் கம்பெனிக்காரர்களே 1970களில் கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தபோது இதைக் கைவிட்டு ஒரே ஆக்சிலுக்குப் போனார்கள். ஆகவே "ஒரிஜினலை ஏன் தொடுகிறாய்" என்று என்னிடம் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இனி என் கதை. நேராகப் பதில் மட்டும் வேண்டும் என்பவர்கள் நான்கு பத்தி தள்ளிப் போகலாம்.

1984. எனக்கு ஒன்பது வயது. அப்பா நெல்லியாம்பதியில் ஓர் எஸ்டேட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கத் தனியாகப் போனார். திரும்பி வரும்போது போத்துண்டி அணைக்கு மேலே, மலை இறங்கி முடிகிற வளைவில் எதிரே ஜீப். பிரேக்கை மிதித்தார். வண்டி அரை வட்டம் சுற்றி ஒரு பக்கமாக மண்மேட்டில் படுத்துவிட்டது. இடது கை முறிந்தது.

வேறு ஊராக இருந்திருந்தால் விபத்து என்று சொல்லி விட்டிருப்பார்கள். நாங்கள் சித்தூர்க்காரர்கள். கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகிற கள்ளில் பெரும்பங்கு எங்கள் தாலுகாத் தோப்புகளில் இறக்குவது. எங்கள் தோப்பிலும் இறக்கினார்கள். பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "காத்தாலயே ஊத்தீட்டு மலை எறங்குனா இப்படித்தான்." அப்பா ஒரு சொட்டுத் தொட்டவர் இல்லை. ஆனால் அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்தில் அவர் கார் சாவியைக் கையில் எடுத்தாலும் யாராவது ஒருத்தர் சிரிப்பார்கள். 2011இல் அவர் காரியத்தன்றுகூட ஒரு சித்தப்பா அதைச் சொல்லிச் சிரித்தார். நான் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டேன்.

2016இல் வண்டியை வெளியே எடுக்கலாம் என்று அப்பாவின் பெட்டியில் ஆர்.சி. புத்தகம் தேடினேன். அவர் கணக்கு நோட்டு கிடைத்தது. பச்சை மசியில் ஒரு வரி: "கார் பட்டை அடித்த கூலி 45.00. தேங்காய் மூட்டை ஏற்ற." விபத்துக்கு மூன்று வாரம் முந்தைய தேதி.

லாரிப் பட்டறை பக்கம் போனவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். பின்பக்கம் தாழ்ந்துபோனால் பட்டையைக் கழற்றிச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றுவார்கள். லாரிக்கு அது வைத்தியம். ஹெரால்டுக்கு அது விஷம். பின்பக்கம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குச் சக்கரங்கள் ஏற்கெனவே உள்ளே மடிந்தே நிற்கும். மூட்டை ஏற்றினால் நிமிரும். மூட்டை இல்லாமல், ஆள் இல்லாமல், தனியாக மலை இறங்கினால்? அதுதான் நடந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய், சக்கரம் மடிவதைக் கையால் செய்துகாட்டி, பெரியப்பாவுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். வெற்றிலையை மென்றபடி முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பட்டறைக்காரன் குடிச்சிருந்தானோ என்னமோ" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த நீதி.

சரி, ஸ்பிட்ஃபயர். அது ஹெரால்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1962இல் வந்த ஸ்பிட்ஃபயரிலும் இதே மடங்குகிற சக்கரம்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் வேகமாக ஓட்டி நிறையப் பேர் பயந்தார்கள். 1970இல் மார்க் 4 வந்தபோது கம்பெனி மலிவாக ஒரு தந்திரம் செய்தது. பட்டைக் கட்டில் ஒரே ஒரு பட்டையை மட்டும் டிஃப்ரன்ஷியலோடு இறுக்கிப் பிடித்துவிட்டு, மற்றவற்றை நடுவில் சீசா பலகை மாதிரி ஆட விட்டார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் பட்டை முழுசாகத் தாங்கும். வளைவில் ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் பட்டை சும்மா சாய்ந்துகொடுக்கும், வண்டியை எக்கித் தூக்காது. நீங்கள் கேட்பது இந்தப் பட்டையைத்தான். மார்க் 3 வரையிலான பழைய ஸ்பிட்ஃபயர் பட்டையை வாங்கினால் காசு தண்டம், அதுவும் உங்கள் வண்டியில் இருக்கிற அதே வகைதான்.

எனக்கு இங்கிலாந்திலிருந்து மச்சான் அனுப்பினார். வந்த சுங்க வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

மாட்டுகிற வேலை ஒரு பகல். பின்சீட்டை எடுத்து, அதன் பின்னால் இருக்கும் தகட்டைக் கழற்றினால் டிஃப்ரன்ஷியல் தலையும் நட்டுகளும் தெரியும். நாற்பது வருஷத்துத் துரு. எங்கள் ஊர் ராவுத்தர் பட்டறையில் முந்தின நாள் சாயங்காலமே டீசல் ஊற்றி ஊறவிட்டு வந்தோம். பட்டை நுனியைக் கழற்றும்போது மட்டும் அவசரப்படாதீர்கள், பட்டை விறைத்து நிற்கும். சக்கரத் தூணுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத்தான் நுனி போல்டைத் தட்ட வேண்டும். ஜாக்கி வழுக்கினால் கை போய்விடும். புதுப் பட்டையைப் பிடிக்கிற முறை வேறு, ஆகவே டிஃப்ரன்ஷியல் தலையில் இருக்கும் ஸ்டட்களையும் மாற்ற வேண்டும். மாற்றும்போது மரையில் சீலண்ட் தடவுங்கள். நாங்கள் தடவவில்லை. மறுநாள் காலை சிமென்ட் தரையில் உள்ளங்கை அளவு ஆயில். மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். ராவுத்தர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று டீயும் சொல்லவில்லை.

ரப்பர் புஷ் போல்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. கீழே இறக்கி, பாரம் ஏற்றி, அப்புறம் இறுக்க வேண்டும். நாங்கள் பின்சீட்டில் இரண்டு சாக்குத் தேங்காய் வைத்தோம்.

இப்போது நான் செய்த பெரிய முட்டாள்தனம். பட்டையை மட்டும் மாற்றினேன். கோபாலபுரம் ரோட்டில் முதல் வளைவு. பின்பக்கம் மடியவில்லை, சந்தோஷம். ஆனால் வண்டி முழுசாகப் படகு மாதிரி சாய்ந்தது, பக்கத்தில் இருந்த என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் பட்டை சாய்வைத் தாங்காவிட்டால் அந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும் அல்லவா? ஸ்பிட்ஃபயரில் அதற்காகத்தான் முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரை (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) தடியாக்கி 7/8 அங்குலம் வைத்தார்கள், அதாவது 22 மில்லிமீட்டர். இரண்டும் ஒரு ஜோடி. பட்டை ஆர்டர் போடும்போதே பாரையும் சேர்த்துப் போடுங்கள். நான் இரண்டாவது முறை சுங்கம் கட்டினேன்.

இன்னொன்று. ஸ்பிட்ஃபயர் இரண்டு சீட்டு வண்டி. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான் என்று ஹெரால்டை ஏற்றினால் பின்பக்கம் உட்காரும், டயர் உள்விளிம்பு தேயும். குடும்பத்தோடு பழனி போகத்தான் வண்டி என்றால் இது உங்களுக்கு வேண்டாம். பழைய பட்டையை ஒரிஜினல் உயரத்துக்கு இறக்கி, நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலே முக்கால்வாசி பயம் போய்விடும். ஸ்பிட்ஃபயர் 1500இன் டிஃப்ரன்ஷியலும் சேர்த்துக் கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். அது 1493 சிசி இன்ஜினுக்குக் கணக்குப் போட்டது, நம் 948 மேட்டில் மூச்சுத் திணறும். 1973க்குப் பிறகு வந்த ஆக்சில் தண்டுகள் பக்கத்துக்கு ஓர் அங்குலம் நீளம், அதையும் நான் தொடவில்லை. அப்புறம் இதுவும்: முன்சக்கரத் தூணின் அடியில் இருக்கும் பித்தளை ட்ரனியனுக்கு 90 நம்பர் ஆயில்தான், கிரீஸ் அடிக்கக் கூடாது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சட்டம் பேசப்போகிறவர்களுக்கு: ஆம், வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு எனக்கும் தெரியும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் தெரியும், அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் விவரம் எதையும் நான் மாற்றவில்லை. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கான 2021 வின்டேஜ் விதி சேசிஸ், பாடி, இன்ஜினில் கை வைக்கக் கூடாது என்கிறது. பட்டை இது மூன்றிலும் சேராது என்பது என் புரிதல். நான் வக்கீல் இல்லை. உங்கள் ஆர்.டி.ஓ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கப் போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழில் எழுதிக் கொண்டுபோன விண்ணப்பத்தை ஓர் அலுவலகத்தில் விரலால் தள்ளித் திருப்பிக் கொடுத்தார்கள். 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் எழுதலாம் என்று இருக்கிறது. சொன்னேன். "இவிடெ மலையாளம் மதி" (இங்கே மலையாளம் போதும்) என்று பதில் வந்தது. அதே விண்ணப்பத்தை எட்டாவது படிக்கும் என் மகள் மலையாளத்தில் எழுதித் தந்தாள். அவள் எழுத்தின் கீழே என் கையெழுத்து. இதற்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை என்று கமெண்ட் போடாதீர்கள், எனக்குத் தெரியும்.

பழைய பட்டைக் கட்டு, அந்த நாற்பத்தைந்து ரூபாய்ப் பட்டை, சாக்கில் சுற்றித் தேங்காய்க் கொட்டகையில் வைத்திருக்கிறேன். சம்மட்டி அடித்த தடம் இன்னும் தெரிகிறது. விலைக்குக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், கொடுப்பதாக இல்லை. அளவு எடுக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.