திரையில் புராணம்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் நடக்கும்போது இருவர் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். மற்றவர் அதற்குப் பயன், அதாவது பொருள் விளக்கம், சொல்லுவார். பல வருடங்கள் பயன் சொல்லும் பக்கத்தில் இருந்துவிட்டு, இப்போது வெள்ளவத்தையில் பிள்ளைகளோடு வசிக்கும் ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். சமயக் கதைகளைப் படமாகவும் காணொளியாகவும் காட்டுவது குறித்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அறிவித்தபோது, இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இயன்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பம்பலப்பிட்டி, ஆசிரியை): ஐயா, சாதாரண தர மாணவன் ஒருவன் சைவநெறி விடைத்தாளில் தருமியின் கதையை எழுதும்போது, "பிரிக்க முடியாதது என்ன" என்று தருமி இறைவனிடம் கேட்டதாக எழுதியிருக்கிறான். புள்ளி கொடுப்பதா, குறைப்பதா?

பதில்: குறைக்கத்தான் வேண்டும், ஆனால் அவனைக் கடியாதீர்கள். 1965இல் வெளியான திருவிளையாடல் படத்தில் நாகேஷ் கேட்க, சிவாஜி கணேசன் பதில் சொல்லும் அந்தக் காட்சி பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இல்லை. புராணத்துத் தருமி, தாய் தந்தையை இழந்து தனித்திருக்கும் பிரமசாரி. திருமணம் செய்துகொள்ளப் பொருள் வேண்டி இறைவன் முன் நின்று அழுகிறவன். படத்துத் தருமியோ தன் புலமையில் தனக்கே நம்பிக்கையில்லாத ஏழைப் புலவன். இறைவன் கொடுத்த பாட்டு மட்டும் மெய்யாகவே பழையது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக, இறையனார் பெயரில் இன்றும் இருக்கிறது. படம் மாம்பழத்துக்காக முருகன் கோபித்துச் சென்ற கதையோடு தொடங்குகிறது அல்லவா? அதுவும் அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் ஒன்றன்று. இயக்குநர் ஏ. பி. நாகராஜன் நாடக மேடையிலிருந்து வந்தவர். எந்த இடத்தில் சபை சிரிக்கும், எந்த இடத்தில் கைகூப்பும் என்பது அவருக்குத் தெரியும். புராணபடனத்தில் செய்யுள் ஒரு குரலிலும் பயன் வேறொரு குரலிலும் வருவதால், எது நூல், எது சொல்பவரின் சரக்கு என்பதைக் கேட்பவர் இலகுவாகப் பிரித்தறிவார். திரைப்படத்தில் இரண்டும் ஒரே குரலாகிவிடுகின்றன. உங்கள் மாணவன் அங்கேதான் தடுமாறியிருக்கிறான்.

கேள்வி (தெஹிவளை, ஓவியம் பயிலும் மாணவி): எல்லாப் படங்களிலும் தெய்வங்கள் ஏன் ஒரே மாதிரியாக, நாட்காட்டிப் படங்களைப் போலவே இருக்கிறார்கள்?

பதில்: அந்த நாட்காட்டிப் படங்களிலிருந்துதான் பெரும்பாலும் வந்தார்கள், பிள்ளை. இரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்களும், 1890களில் அவர் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்களும் வீடுகளின் சுவரில் ஏறிய பிறகு, மக்கள் மனத்தில் இலக்குமிக்கும் சரசுவதிக்கும் ஒரு முகம் நிலைத்துவிட்டது. பம்பாயில் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டிய ஒரு மௌனப் படத்தைப் பார்த்துவிட்டு, நம் கிருஷ்ணனையும் இராமனையும் இப்படிக் காட்ட முடியாதா என்று ஏங்கிய தாதாசாகிப் பால்கே 1913இல் இராஜா ஹரிச்சந்திராவை எடுத்தார். அதில் நடிக்கப் பெண்கள் முன்வராததால் அண்ணா சாலுங்கே என்ற ஆண் தாராமதியாக நடித்தார். அதே மனிதர் 1917இல் லங்கா தகனத்தில் இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார். இன்றைக்குத் தெய்வத்தின் உடையில் ஒரு பொத்தான் மாறினாலே சண்டை பிடிக்கும் நாம், அன்றைய சபை அதை ஏற்றுக்கொண்டதை எண்ணிப் பார்க்கலாம்.

கேள்வி (வெள்ளவத்தை, இளைஞர்): கர்ணன் படத்தைப் பார்த்து அழுதவன் நான். மூல பாரதத்தில் கர்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். படம் பொய் சொன்னதா?

பதில்: எந்த மூலம் என்று அந்தக் காணொளிக்காரரிடம் கேட்டிருக்க வேண்டும், தம்பி. பி. ஆர். பந்துலுவின் கர்ணன் 1964இல் வந்தது. 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோதும் அரங்குகள் நிறைந்தன. அதில் நம்மை அழவைக்கும் இடங்களுள் பல வியாசரிடம் இல்லை என்பது உண்மை. அதற்காக அவை பந்துலுவின் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. அடிபட்டுக் கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தணனாக வந்து, அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாக வாங்குவது வில்லிபுத்தூராரின் பாரதத்தில் இருக்கிறது. துரியோதனன் மனைவியோடு சூதாடியபோது மேகலையின் மணிகள் சிந்த, உள்ளே வந்த துரியோதனன் "எடுக்கவோ கோக்கவோ" என்று கேட்டதாகக் கர்ணன் நன்றியோடு நினைவுகூர்வதும் வில்லியின் பாட்டுத்தான். ஆகவே படம் தமிழ் மரபொன்றைப் பின்பற்றியது. அந்த மரபில் கர்ணன் முதலில் கொடையாளி, பிறகுதான் போராளி.

வியாசரின் கர்ணன் இன்னும் கரடுமுரடானவன். சபையில் திரௌபதியை இழிசொல்லால் அழைத்து, அவளுடைய ஆடையைக் களையச் சொன்னவன் அவன். கந்தர்வர்களோடு நடந்த சண்டையிலும், விராட நாட்டில் அருச்சுனனோடு நடந்த சண்டையிலும் களத்தை விட்டு நீங்கியவனும் அவன்தான். படம் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறையின் நினைவில் இந்தப் பக்கம் மங்கிப் போய்விட்டது. இதனால் கர்ணன் சிறியவனாகிவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. தன்னை அவமதித்த உலகத்தின் மீது கொண்ட கோபத்தை ஒரு பெண்ணின் மேல் காட்டியவன், பின்னர் அதற்காகக் கண்ணனிடம் வருந்திப் பேசுகிறான். அந்த வருத்தத்தையும் வியாசர் எழுதியிருக்கிறார். கறை இருந்தால்தான் வருத்தத்துக்குப் பொருள் உண்டு. படம் கறையைக் கழுவியபோது வருத்தமும் சேர்ந்து போய்விட்டது என்பதே எனக்குள்ள குறை. மற்றபடி அந்தப் படத்தை இன்றைக்குப் போட்டாலும் நானும் அழுவேன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, இல்லத்தரசி): இலக்குவன் கோடு கிழித்ததைக் கம்பர் எந்தப் பாட்டில் பாடுகிறார்?

பதில்: பாடவில்லை, அம்மா. வான்மீகியிலும் அந்தக் காட்சி இல்லை. வடநாட்டுப் பிற்கால இராமாயணங்களில் வளர்ந்து, தொலைக்காட்சித் தொடர்கள் வழியாக நம் வீட்டுக்குள் வந்தது அது. கம்பரோ வேறு வழி கண்டார்: சீதையைத் தீண்டாமல், பர்ணசாலையோடும் நிலத்தோடும் சேர்த்து இராவணன் பெயர்த்துக்கொண்டு போகிறான்.

கேள்வி (பொரளை, சட்டம் பயிலும் மாணவி): "குருடன் மகன் குருடன்" என்று திரௌபதி சிரித்ததால்தான் போரே வந்தது என்று தொடர்களில் காட்டுகிறார்கள். ஒரு பெண்ணின் சிரிப்பின் மேல் இவ்வளவு பழியைப் போடுவது நியாயமா?

பதில்: கெட்டிக்காரத்தனமான கேள்வி. பூனாவிலுள்ள பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி, நாடெங்குமுள்ள ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கி, 1966இல் முடித்த மகாபாரதச் செம்பதிப்பில் அந்த வசனம் இல்லை. மாய மண்டபத்தில் துரியோதனன் நீரில் விழும்போது, கதைசொல்லி காட்டும் காட்சியில் சிரிப்பவர்கள் வீமனும் அவன் தம்பியரும் ஏவலாளருமே. ஆனால் பின்னர் துரியோதனன் தந்தையிடம் முறையிடுகையில், திரௌபதியும் மற்றப் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்கிறான். கதைசொல்லியின் கூற்று ஒன்று, மனம் புண்பட்டவனின் முறைப்பாடு இன்னொன்று. தொடரை எடுத்தவர்கள் முறைப்பாட்டையே நடந்த சம்பவமாகப் படம்பிடித்துவிட்டார்கள். சட்டம் படிக்கும் உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

1988 ஒக்டோபரில் தூரதர்சனில் தொடங்கி 94 பகுதிகள் ஓடிய மகாபாரதத் தொடருக்கு வசனம் எழுதியவர் ராகி மாசூம் ரசா என்ற முஸ்லிம் எழுத்தாளர் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்; பலருக்குத் தெரியாது.

கேள்வி (மருதானை): நான் முஸ்லிம். நபிகளின் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது அவரைக் காட்டவேயில்லை என்கிறார்கள். தலைவரே தோன்றாத படத்தை எப்படி எடுத்தார்கள்?

பதில்: 1976இல் முஸ்தபா அக்காத் எடுத்த படத்தைச் சொல்கிறீர்கள். நபிகளின் உருவமும் குரலும் அதில் வருவதில்லை. மற்றவர்கள் கமராவை நோக்கிப் பேசுவார்கள்; மறுமொழியைக் கேட்டவர்களாக நடந்துகொள்வார்கள்; நாம் கேட்கமாட்டோம். கதையைத் தூக்கிச் செல்லும் பொறுப்பு அவருடைய சிறிய தந்தை ஹம்சாவின் பாத்திரத்துக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் அந்தோனி குயின் நடிக்க, அரபியில் வேறு நடிகர்களை வைத்து முழுப் படத்தையும் மறுபடியும் எடுத்தார்கள். காட்டாமலிருப்பதும் ஒரு கலை என்பதை நம் புராணப் படக்காரர்கள் அதில் கற்றிருக்கலாம். நம்மவர்களுக்கு ஒளிவட்டம் சுழலாவிட்டால் திருப்தி வராது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): பெரிய வெள்ளிக்கு முன் வீட்டில் கிறிஸ்துவின் பாடுகள் பற்றிய படம் பார்த்தோம். வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கும் இடத்தை விவிலியத்தில் தேடியும் காணவில்லை.

பதில்: நான்கு நற்செய்திகளிலும் அது இல்லை. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலை அது. திருச்சபையின் பக்தி மரபு. 2004இல் மெல் கிப்சன் எடுத்த படம் நற்செய்திகளோடு அந்த மரபையும் சேர்த்துக்கொண்டது. மூவிராசாக்களும் இப்படித்தான்: மத்தேயு ஞானிகள் வந்ததாகச் சொல்கிறார், எத்தனை பேர் என்று சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூவரானார்கள்.

கேள்வி (வத்தளை): இராவணன் விமானம் ஓட்டினான், சிகிரியா அவனுடைய மாளிகை என்றெல்லாம் யூடியூபில் வருகிறது. தமிழர்கள் பெருமைப்படலாமா?

பதில்: பெருமைப்படுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. சிகிரியாவைத் தலைநகராக்கியவன் ஐந்தாம் நூற்றாண்டின் காசியப்பன். புட்பக விமானம் குபேரனுடையது. இராவணன் அதைப் பறித்துக்கொண்டான் என்றே இராமாயணம் சொல்கிறது. பறித்த வாகனத்தை வைத்து விஞ்ஞானப் பெருமை பேசுவது கொஞ்சம் சங்கடம். இலங்கை 2019இல் விண்ணுக்கு அனுப்பிய முதல் செய்மதிக்கு இராவணா-1 என்று பெயரிட்டார்கள். சிங்களவர் மத்தியிலும் அவன்மேல் இன்று பெரிய ஈர்ப்பு உண்டு. அந்தக் காணொளிகள் அந்தச் சந்தையைக் குறிவைத்தவை.

நம் மரபின் இராவணன் இவற்றைவிடச் சுவையானவன். திருகோணமலையில் இராவணன் வெட்டு என்று ஒரு பாறைப்பிளவையே அவன் பெயரில் வைத்திருக்கிறோம். திருஞானசம்பந்தர் பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாடலை, கயிலையைத் தூக்கி நசுங்கிப் பின் அருள்பெற்ற அவனுக்கென்றே ஒதுக்கினார். "இராவணன் மேலது நீறு" என்று திருநீற்றுப் பதிகத்தில் நாம் தினமும் பாடுகிறோம். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிய இராவணேசன் கூத்தில், தம்பியையும் மகனையும் இழந்தும் பணியாத ஒரு துயர நாயகனை மட்டக்களப்பு வடமோடியின் தாளத்தில் ஆடிக்காட்டினார்கள். குறைகளோடு பெரியவனாக நிற்கும் அந்த இராவணனைக் காட்டும் படத்துக்காக நான் காத்திருக்கிறேன்.

கேள்வி (கல்கிசை): மனம் புண்படும்படி எடுத்த படங்களைத் தடைசெய்ய வேண்டாமா?

பதில்: நான் தடையை விரும்புபவன் அல்லன். 2023இல் வந்த ஆதிபுருஷ் படத்தில் சீதை இந்தியாவின் மகள் என்றொரு வசனம் வர, சீதை பிறந்த ஊராகக் கருதப்படும் ஜனக்பூர் தம் நாட்டில் இருக்கிறது என்று நேபாளத்தில் கொதித்தார்கள். காத்மாண்டு மேயர் இந்திப் படங்களையே நிறுத்தினார். இந்தியாவில் அதே படத்தின் கொச்சையான வசனங்களை மக்கள் எள்ளி நகையாட, வெளியான சில நாட்களிலேயே அவற்றை மாற்றினார்கள். வசனத்தைத் திருத்திய வேலையைச் செய்தது அந்தச் சிரிப்புத்தான்.

கேள்வி (வெள்ளவத்தை, அம்மம்மா): என் பேரன் கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவால் செய்த சாமிக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறான். பறிக்கவா, விடவா?

பதில்: பறித்தால் ஒளித்துப் பார்ப்பான். பக்கத்தில் இருந்து பாருங்கள். ஆறுமுகனுக்கு எத்தனை கை என்று எண்ணச் சொல்லுங்கள்; பன்னிரண்டு வராது, சில வேளை ஒரு கையில் ஆறு விரல் வரும். "எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று ஒவ்வொரு கதைக்கும் கேட்கப் பழக்குங்கள். மதுரைத் திட்டத்திலும் நம்மவர்களின் நூலகம் இணையத்தளத்திலும் பல பழைய நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. கந்தபுராணத்தில் ஒரு செய்யுளை நீங்கள் உங்கள் குரலில் ஒருதரம் படித்துக் காட்டினால், அந்த யந்திரக் குரல் பிறகு அவனுக்கே சப்பென்றிருக்கும்.

கேள்வி (அதே வீட்டிலிருந்து, ஒன்பது வயது): தாத்தா, காட்டூனில் முருகன் சூரனைக் கொன்றுவிட்டார். கோயில் சூரன்போரில் ஏன் தலையை மட்டும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள்?

பதில்: கந்தபுராணத்தில் கச்சியப்பர் எழுதியதை உங்கள் கோயில்காரர் சரியாக வைத்திருக்கிறார்கள், ராசா. யானைமுகன் வந்து போவான், சிங்கமுகன் வந்து போவான், கடைசியில் சூரன் கடலின் நடுவே மாமரமாக நிற்பான். வேல் அதை இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதி சேவல், மறுபாதி மயில். சேவலை முருகன் கொடியில் வைத்தார், மயிலில் தானே ஏறிக்கொண்டார். காட்டூன்காரருக்கு இந்த இடத்துக்கு நேரம் போதவில்லைப்போலும். அடுத்த சூரன்போருக்கு அம்மம்மாவோடு முன்வரிசைக்குப் போய், மாமரக் கொப்பு எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்துவந்து எனக்குச் சொல்.